பெட்டியில் ஒட்டிய பெயர்

யோசப் அந்தப் பெயரை முதல் தடவை உரித்தெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பாண் வாங்கப் போகிற வழியில், கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். எடுத்த சீட்டைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கடைக்குப் போனார்.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் அவர் இருந்த கட்டடத்தின் கீழ்வாசலில் எட்டுத் தபால்பெட்டிகள். அதில் ஒன்று அவருடையது. இருபத்திரண்டு வருடமாக அதில் அவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே முதல்நாள் பின்னேரம் இன்னொரு பெயர் ஏறியிருந்தது. பார்கவி கல்யாணசுந்தரம். பெட்டியின் அகலம் போதாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் மடங்கி நின்றன. யோசப் என்பது அதற்கு மேலே எறும்பு மாதிரி கிடந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

பார்கவி திருச்சிப் பிள்ளை. ஊரிலேயே ஜெர்மன் படித்துவிட்டு, மேற்படிப்புக்கென்று தனியாக வந்து இறங்கியவள். பல்கலைக்கழகச் சாப்பாட்டுச்சாலையில் வேலை செய்யும் வெரோனிக்கா, ஒருநாள் பூசை முடிந்து வரும்போது யோசப்பை மறித்துக் கதைத்தாள். ஒரு பிள்ளை அறை கிடைக்காமல் அலைகிறாள், உங்கட மகன் பான் நகரத்துக்குப் போனபிறகு அவன்ட அறை சும்மாதானே கிடக்குது என்றாள். யோசப் உடனே ஓம் சொல்லவில்லை. இலங்கையில் இருந்து அகதியாக வந்த அவர் இந்தியாக்காரரை நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தாரையும் நம்புவதில்லை, அது வேறு. கடைசியில் மகன் ஜெசிந்தன்தான் கட்டடத்தை வாடகைக்கு விடும் வீட்டுக் கொம்பனிக்கு எழுதி அனுமதி எடுத்துக் கொடுத்தான். அவள் இங்கே குடியிருக்கிறாள் என்ற பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறதுக்கு மட்டும் யோசப் மூன்று நாள் எடுத்தார்.

பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமைத்தால் அவருக்கும் ஒரு கிண்ணம் வைப்பாள். அவருக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வாள். அவர் டெலிபோனில் சொல்லுக்குத் தடுமாறினால் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். முப்பத்தாறு வருடம் இந்த நாட்டில் கிடந்தவருக்கு நாலு மாதத்துக்கு முந்தி வந்தவள் எடுத்துக் கொடுக்கிறாள் என்பதும் அவருக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது.

அவளுடைய விசா மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் வெளிநாட்டவர் அலுவலகம் நாள் குறித்துக் கடிதம் போடும். அந்த டெர்மினுக்குப் போனால்தான் தொடர்ந்து இருக்கலாம், படிக்கலாம். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் இந்த நாட்டில் தபால்காரன் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவான். இது யோசப்புக்குத் தெரியாததா? தெரியும். இலக்கம் பார்த்துப் போடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பார்கவி இரண்டாவது சீட்டு ஒட்டினாள். அதையும் எடுத்தார். மூன்றாவது சீட்டுக்கு மேல் கண்ணாடிப் பேப்பர் ஒட்டினாள். அதற்கு நகம் போதவில்லை, வெங்காயம் உரிக்கிற கத்தியைக் கொண்டு போனார்.

"யார் அங்கிள் இப்படிப் பண்றாங்க?" என்று அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. லெட்டர் வரலையேன்னு டென்ஷனா இருக்கு என்றாள்.

யோசப் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "உவள் மேல்வீட்டுக்காரியாத்தான் இருக்கும் பிள்ளை. அவளுக்கு எங்களைக் கண்ணில காட்டக்கூடாது," என்றார்.

மேல்வீட்டுக்காரி பிறவ் வேபர், அதாவது திருமதி வேபர், தனியாக இருக்கும் வயதான ஜெர்மன்காரி. படிக்கட்டுக் கழுவுகிற முறை யாருடையது என்பதில் அவருக்கும் அவளுக்கும் பத்து வருடச் சண்டை. அவளுடைய பெயர் வாயில் வந்தது அதனால்தான். சொல்லிவிட்ட பிறகு, இந்தப் பிள்ளை போய் என்ன கேட்கப் போகிறாள் என்று விட்டுவிட்டார்.

அவள் போய்க் கேட்டாள். ஒரு டப்பாவில் ரவாலாடு வைத்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். பத்து நிமிடத்தில் டப்பாவோடு திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? நீங்கதான் கிழிக்கிறீங்களாம். கண்ணால பாத்தாங்களாம். எனக்கு வந்துச்சே கோவம். அவர் எனக்கு அப்பா மாதிரி, பொய் சொல்லாதீங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அந்த ரவாலாடு டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். நீங்க சாப்பிடுங்க அங்கிள் என்றாள். யோசப் ஒன்றை எடுத்தார். எடுக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாளோ என்று எடுத்தார். வாய்க்குள் அது மண் மாதிரி நின்றது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்தநாள் அவள் நாலாவது சீட்டு ஒட்டினாள், அதை அவர் தொடவில்லை. ஆனால் காலம் பிந்திவிட்டது. மார்ச் இருபதாம் தேதி அலுவலகத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது. உனக்குப் போட்ட இரண்டு கடிதங்களும் இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. டெர்மினும் போய்விட்டது. நீ அங்கே உண்மையாகவே குடியிருக்கிறாயா என்று தெரியவேண்டும், வீடு தந்தவரோடு வியாழக்கிழமை நேரில் வா, இல்லாவிட்டால் விண்ணப்பம் நிறுத்தப்படும்.

பார்கவி அழவில்லை. மேசையில் இருந்து கணினியில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் தட்டினாள். மேல்வீட்டில் வசிக்கும் வேபர் என்பவர் வேண்டுமென்றே என் பெயரைக் கிழித்தார், இதற்கு வீடு தந்தவர் சாட்சி. ஜெர்மனில் எழுதியதைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டினாள். அங்க போய்க் கையெழுத்துப் போட்டாப் போதும் அங்கிள், பேசறதை நான் பாத்துக்கறேன் என்றாள்.

யோசப், "ஓம்" என்றார்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு இளம் அலுவலர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை யோசப் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை மேலே வைத்தார். பிறவ் வேபர் இதைச் செய்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

ஓம் என்பதற்கு யா என்று ஒரு சொல். அந்தச் சொல்லை யோசப் இந்த நாட்டில் ஆயிரம் தடவை விளங்காமல் சொல்லியிருக்கிறார். மேஸ்திரிக்கு, டாக்டருக்கு, வீட்டுக் கொம்பனிக்கு. இப்போது பேனாவை எடுத்தார். கடிதத்தில் வேபர் என்ற பெயர் இருந்த இடம் கண்ணில் பட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"நைன்," என்றார். "வேபர் நைன். இஷ்."

வேபர் இல்லை, நான் என்று அவர் சொன்னது அலுவலருக்கு விளங்கவில்லை. யோசப் கையைத் தூக்கி, கட்டைவிரல் நகத்தால் மேசையின் விளிம்பைச் சுரண்டிக் காட்டினார். திரும்பவும், "இஷ்," என்றார்.

பார்கவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. அலுவலர் எல்லாவற்றையும் தட்டி எழுதினார். விண்ணப்பம் நிறுத்தப்படாது என்றார். அவளுக்குத் தற்காலிகப் பத்திரம் ஒன்று கொடுத்தார், ஏப்ரலில் புது நாள் குறித்தார். யோசப்பைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பார்கவி அதை மொழிபெயர்க்கவில்லை.

ட்ராமில் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை, கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோசப் அவளுக்குக் கிட்டப் போய் நின்று சொல்லத் தொடங்கினார். அகதி முகாமில் இருந்த காலத்தில் யோசப்பின் அறைக் கதவில் இன்னொருவன் தன்ட பெயரை ஒட்டினான், விடியக்காலை பொலிஸ் அவனைத் தேடி வந்து அவனோடு சேர்த்து யோசப்பையும் கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தது, யோசப்பின் அகதி வழக்கு அதோடு இழுபட்டது. நடந்தது உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல அவருக்கே கேட்டது, இது இவள் பிறக்கமுதல் நடந்தது. இவளுடைய பெயரைச் சுரண்டியபோது பொலிஸ் ஞாபகம் வரவில்லை. பெயர் ஒட்டினவள் நாளைக்கு வீட்டையும் கேட்பாள் என்றுதான் நினைத்தார். கதையைப் பாதியில் விட்டார்.

"நான் லெட்டர் வந்துச்சான்னு தினமும் பெட்டியத் தொறந்து பாக்கறதை நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஓம்."

"நான் அந்தம்மாவப் பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல ஏலாமப் போச்சு பிள்ளை."

மாச முடிவுல நான் வேற எடம் பாத்துக்கறேன் என்றாள். அதற்கு அவர் தலையை ஆட்டினார். 

வீட்டுக்கு வந்ததும் பார்கவி செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே மேல்மாடிக்கு ஏறினாள். யோசப் பின்னால் ஏறினார். எதற்கு ஏறுகிறார் என்று அவருக்கே தெரியாது. முழங்கால் நோவோடு அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது பிறவ் வேபர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். பார்கவி ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு வசனம் மட்டும் பிடிபட்டது. நான் இவரை நம்பினேன்.

கிழவி பார்கவியின் தோளைத் தொட்டு உள்ளே விட்டாள். பிறகு கதவை ஒரு கையால் பிடித்தபடி யோசப்பைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

யோசப் தொப்பியைக் கழற்றினார். "பிறவ் வேபர்," என்று தொடங்கினார். பொய் என்பதற்கு அவரிடம் ஜெர்மன் சொல் இருந்தது. நான் என்பதற்கும் இருந்தது. வெட்கம் என்பதற்கு இல்லை. அந்த இடத்தில் நின்றுவிட்டார். கை தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கிழவி காத்திருந்தாள்.

உள்ளே மேசையோரம் நின்ற பார்கவிக்கு அந்தச் சொல் தெரியும். அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.