சதுப்புப் படை

காலையில் எழுந்து பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்தான். பால் காய்வதற்குள் பல் தேய்த்து முடித்தான். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்தான். குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்தான். தண்ணீர் மோட்டாரைப் போட்டான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினான். குளித்தான். சவரம் செய்தான். நேற்றுப் போட்டிருந்த சட்டையை மாட்டினான். பிறகு அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டான்.

எல்லாம் தினமும் நடப்பதுதான். வீட்டில் ஆட்கள்தான் நிறைய இருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள்.

"மாமா, இந்த மேசையை என்ன பண்றது?" என்று கேட்டான் மச்சான். மனைவியின் தம்பி. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தவன். கண் இரண்டும் சிவந்திருந்தன. "கூடத்துல இடம் பத்தாது. நாலு பேர் பிடிச்சா அப்படியே தூக்கிடலாம்."

"தொடாதே!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானே எடுக்கறேன்," என்றான் குரலைத் தணித்து.

மேசைமேல் ஒரு போர்க்களம் விரிந்து கிடந்தது. அட்டையில் செய்த குன்றுகள், கம்பியும் பஞ்சும் வைத்துச் செய்த மரங்கள், நீல வர்ணம் பூசிய ஓடை, அதன் குறுக்கே தீக்குச்சிப் பாலம். நடுவே கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்கள். ஒரு பக்கம் இரும்புப் படை: தலையோடு கால் கவசம், ஆளுயரக் கேடயம். மறுபக்கம் சதுப்புப் படை: பாசி நிறத்தில் கந்தல் துணி, நாணல் ஈட்டி, வெறுங்கால். டேப் வைத்துத் தூரம் அளந்து வீரர்களை நகர்த்த வேண்டும். அடி விழுந்ததா, தாங்கினார்களா என்பதைப் பகடை சொல்லும். வாரத்தில் ஒருநாள் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் இதற்கென்றே ஒரு கூட்டம் கூடும். கல்யாணம் காட்சி என்று வந்தால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "இன்னும் பொம்மை வச்சுத்தான் விளையாடறியா?" அவன் ஆமாம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த மாடியில் அவனுக்குப் பெயர் மில்லிமீட்டர். பேரிங் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. உருளை ஒன்று மயிரிழை கனம் கூடினாலும் ஒதுக்கிவிடுவான்; மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் அது உள்ளே போகாது. ஆட்டத்தில் தூரத் தகராறு வந்தால் இரண்டு பேரும் டேப்பை அவனிடம்தான் நீட்டுவார்கள். தான் தோற்கும்படியே அளந்து சொல்லியிருக்கிறான். "மில்லிமீட்டர் சொன்னா அப்பீல் கிடையாதுய்யா" என்பார் கூட்டத்துப் பல் டாக்டர்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் இரும்புப் படைக்காரன். வைத்த இடத்தில் நிற்கும், வாங்குகிற அடியை வாங்கும், கடைசியில் ஜெயிக்கும். அலுத்துப்போய்த்தான் சதுப்புப் படையை வாங்கினான். அது வேறு ஜாதகம். நின்றால் செத்தது. அடிக்கவேண்டும், ஓடவேண்டும், துரத்தி வருகிறவன் வரிசை கலைந்ததும் சட்டென்று திரும்பவேண்டும். படித்தால் புரிந்தது. கைதான் கேட்கவில்லை. பழைய புத்தியில் வெறுங்கால் ஆட்களைக் கொண்டுபோய் நட்டநடு வெளியில் நிறுத்திவிட்டு முழிப்பான்.

பழகிக்கொள்ள எதிராளி வேண்டுமே. இரும்புப் படையை அவள் எடுத்துக்கொண்டாள். அதில் பாதி வீரர்களுக்கு வர்ணம் அடித்தவளே அவள்தான். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் வேறு. வெளுத்து வாங்கினாள். புதுப் படையை வைத்து அவன் அவளை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இப்போது ஒவ்வொரு வீரனாக எடுத்துப் பெட்டியின் பஞ்சுக் குழிகளில் வைத்தான். மச்சான் பக்கத்தில் வந்து நின்றான்.

"போன வாரம் போன்ல அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா மாமா. 'உங்க மாமா புதுப் படையை வச்சிக்கிட்டு, தண்ணில விழுந்த பூனை மாதிரி திருதிருன்னு முழிக்கறாரு'ன்னு." அவனே லேசாகச் சிரித்தான். சிரித்ததற்காக வாயைத் துடைத்துக்கொண்டான். "இது நேத்து ஆடினதா?"

"ம்."

"யார் ஜெயிச்சது?"

"நான்."

"அக்காவையா!" மச்சானுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "கடைசி ஆட்டத்துல விட்டுக்கொடுத்துட்டா போல."

அவன் பெட்டியை மூடினான். தாழ்ப்பாள் உடனே பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

படுக்கையறையில் அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் படுத்திருந்த இடத்தைத் தொடாமல், நுனியில். மடியில் போன். வருகிற ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்தாள். அவளும் ஒவ்வொருத்தியிடமும் அதையே சொன்னாள்.

"கடைசியா என்னைத்தான் கேட்டாளாம். 'அம்மாகிட்ட பேசணும்'னாளாம். மாப்ளை சொன்னாரு."

சொன்னது அவன்தான். நேற்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அத்தைக்குப் போனில் விஷயத்தைச் சொன்னான். பிறகு, "கடைசியா எதாவது சொன்னாளா?" என்று ஒரு குரல் வந்தது. அது அத்தையின் குரல் மாதிரியே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அப்படித்தான் அவன் தன்னிடம் சொல்லிக்கொண்டான்.

"மாப்ளை, இங்க வாங்க." அத்தை போனை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்க. நேத்து மத்தியானம் இதைப் பின்னாடி ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு நான் டிவி பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தமா வச்சிருந்தேன். அவ கூப்பிட்டாளா?"

"இல்ல அத்தை. அதுல ஒண்ணும் இல்ல."

"தம்பியும் அப்படித்தான் சொல்றான். ஆனா சிக்னல் இல்லேன்னா காட்டாதாமே? பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்றா." அவள் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "பேசணும்னு சொன்னவ கூப்பிடாம இருப்பாளா? கூப்பிட்டிருப்பா. நான்தான் டிவி முன்னாடி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அவனும் அவர்களோடு ஓடினான். ஓட ஒரு காரணம் கிடைத்ததில் வந்த நிம்மதி அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

மேசை இருந்த இடத்தில் அவளைக் கிடத்தினார்கள். வலது கைச் சுட்டுவிரல் நகத்தோரம் கொஞ்சம் பாசிப் பச்சை ஒட்டியிருந்தது. முந்தாநாள் அவனுடைய ஆட்களுக்கு அவள் அடித்துக்கொடுத்த வர்ணம். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தார்கள். முதல்முறையாக சதுப்புப் படை அவன் சொல்பேச்சு கேட்டது. ஓடச் சொன்னால் ஓடியது. துரத்திவந்த இரும்பு வரிசை இரண்டாகப் பிளந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அப்போதுதான் அவள் தோள்பட்டைக்கு நடுவே கையைக் கொண்டுபோக முயன்றபடி, "டேய், முதுகுல என்னமோ கிழியற மாதிரி வலிக்குதுடா" என்றாள்.

அந்த வீட்டில் அது பழைய வேடிக்கை. தோற்கிறவருக்குத்தான் எதாவது வலிக்கும். இத்தனை நாளும் அவனுக்குத்தான் தலைவலி வந்துகொண்டிருந்தது. "படை மாத்தினதுல தலைவலியும் புதுசா வருதா?" என்று அவள் விரட்டி விரட்டிக் கேட்பாள். இப்போது அவன் முறை வந்தது என்று நினைத்தான்.

"ஓஹோ! இன்னிக்கு மேடத்துக்கா?" என்றான். "அதெல்லாம் முடியாது. பாலத்தைப் பிடிச்சிட்டுத்தான் உன்னை விடுவேன்."

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அவனுக்கு நினைவு. இன்னும் ஒரு சுற்று ஆடினாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் படுத்தாள். சுவரைப் பிடித்ததைக்கூட நடிப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

அவன் ஆட்டத்தை விடவில்லை. இரண்டு பக்கமும் தானே ஆடினான். பாலத்தில் அவளுடைய தலைவன் மட்டும் மிச்சம். ஆறு விழுந்தால் தலைவன் பிழைப்பான்; பிழைத்தால் பாலம் அவளுக்கு, ஆட்டமும் அவளுக்கு. வேறு எது விழுந்தாலும் அவனுக்கு. அவளுக்காக அவன் பகடையை உருட்டினான்.

ஆறு.

பகடை அட்டைக் குன்றின் அடியில் போய் நின்றிருந்தது. எதிலாவது சாய்ந்து நின்றால் அந்த உருட்டல் செல்லாது, மறுபடி உருட்டவேண்டும். அது மாடியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் இது சாயவில்லை. குன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மேசையில் தட்டையாக உட்கார்ந்திருந்தது. மயிரிழை பார்க்கிறவனுக்கு அது தெரியாதா? அவன் படுக்கையறைக் கதவைப் பார்த்தான். 'செல்லாது' என்று வாய்விட்டே சொன்னான். எடுத்து மறுபடி உருட்டினான். மூன்று. அவள் தலைவனைப் பாலத்திலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். டேப்பைச் சுருட்டினான். செத்தவர்களைத் தரம் பிரித்து அடுக்கினான். வெற்றிபெற்ற மேசையைப் போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்தான். அதெல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே போனான். "ஜெயிச்சுட்டேன்டி!" என்று சொல்லிக்கொண்டே போனான்.

"மில்லிமீட்டர்..."

பல் டாக்டர் வந்து தோளில் கை வைத்தார். மாடிக் கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர், எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்புக் குவியல் பக்கமாக நின்றார்கள்.

"என்ன சொல்றதுன்னே தெரியலய்யா. ஞாயித்துக்கிழமை ஆட்டத்தைத் தள்ளி..." சொல்லும்போதே அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். "அதை விடு. நீ இதுக்கெல்லாம் உன்னைப் போட்டு வாட்டிக்காதே. நீ செய்யவேண்டியதை ஒரு இழை குறையாம செஞ்சிருப்பே. எங்களுக்குத் தெரியாதா உன்னை?"

அவன் தலையாட்டினான். அந்தக் கை தோளை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்தான்.

எடுத்துக்கொண்டு போனார்கள். போய்விட்டு வந்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். வெயில் தாழ்ந்தபோது வீட்டில் அவனும் அத்தையும் மச்சானும்தான் இருந்தார்கள். மச்சான் கூடத்துத் தரையிலேயே, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போயிருந்தான்.

அத்தை இன்னும் கட்டிலின் அதே நுனியில். போன் தரையில் கிடந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

"வேணாம் மாப்ளை. அது அங்கேயே கிடக்கட்டும். நான் இனிமே அந்தச் சனியனைத் தொடறதா இல்ல."

"அத்தை, கொஞ்சம் எதாவது சாப்பிடுங்க."

"பெத்தவளைத் தேடியிருக்கா. தேடற நேரத்துல எவளோ ரெண்டு பேரு டிவில சண்டை போடறதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கேன்." அவள் அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "என்னை நினைச்சுக்கிட்டே போயிருக்கான்னு நேத்து ராத்திரி சந்தோஷமாக்கூட இருந்துச்சு. காலையிலேர்ந்து அதுவே அறுக்குது. நான் எடுத்திருந்தா, குரலை வச்சே என்னன்னு கண்டுபிடிச்சிருப்பேன். உடனே தூக்கிட்டு ஓடுங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பேன். இல்லையா?"

அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். கட்டிலில் இருந்த அவளுக்கு அவன் உச்சந்தலைதான் தெரிந்திருக்கும்.

"அவ உங்களைக் கூப்பிடல அத்தை."

"போனே இல்லேங்குதே, அதைத்தான்..."

"கூப்பிடணும்னு சொல்லவும் இல்ல. நான்தான் அப்படிச் சொன்னேன்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போனது.

"வலிக்குதுன்னு சொன்னா," என்றான். "ஆட்டத்துல தோக்கப்போறா, அதான் நடிக்கறான்னு நினைச்சேன். கிண்டல் பண்ணினேன். அவ போய்ப் படுத்தா. நான் எழுந்திருக்கல."

"பொம்மை விளையாட்டா?"

"ஆமா."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று தலைகுனிந்தபடியே அவன் இருந்தான். மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நிஜமா என்னதான் சொன்னா?"

"அவளுக்காக நான் உருட்டினேன். ஆறு விழுந்துச்சு அத்தை. விழலேன்னு வச்சுக்கிட்டேன்."

"எனக்கு அதெல்லாம் புரியாது. என் பொண்ணு என்ன சொன்னா? அதைச் சொல்லுங்க."

அவன் தலையை நிமிர்த்தினான். அத்தையைப் பார்க்க முடியவில்லை. கதவு நிலையைப் பார்த்துச் சொன்னான்.

"அங்க நின்னா. ஒரு கையால நிலையைப் பிடிச்சிட்டு நின்னா. 'எனக்கும் சேர்த்து நீயே உருட்டு. ஆறு விழுந்தா என்னை வந்து எழுப்பு'ன்னா."