போன் எடுப்பார், பேச மாட்டார்

என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மீசை.

அண்ணன் சலூன் வைத்திருப்பவர். என் நாத்தனார் கல்யாணத்துக்கு முதல் நாள் இவருக்குச் சவரம் செய்ய வந்தார். இவர் வாயில் வழக்கம்போலப் புகையிலை. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. துப்பிவிட்டு வா என்று அண்ணன் சொல்ல, மேட்டைச் சுற்றி மழி என்று இவர் ஜாடை காட்ட, கத்தி வழுக்கிப் பாதி மீசையைக் கொண்டுபோய்விட்டது. மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் பக்கத்தில் நிற்கும் மொழுமொழு ஆள் யார் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். உப்பின கன்னத்தால் வந்த வினை என்றார் அண்ணன். ஆடின கையால் வந்த வினை என்றார் இவர். இனி இந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசினால் நான் மனுஷனே இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சபதம் போட்டார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

அன்றிலிருந்து நடுவில் தூது போகிற வேலை எனக்கு.

எங்கள் வீட்டு முன்னறைதான் தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறோம். அவர் மிஷினில் உட்கார, நான் தரையில் உட்கார்ந்து காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன். வாய் எப்போதும் நிரம்பியிருந்ததால் நான் எதைக் கேட்டாலும் பதில் 'ம்' தான். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். சில சமயம் அது வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இந்த வருஷம் அவர் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இன்றோடு புகையிலையை நிறுத்து, அறுபது நாள் கழித்து வா, திட்டு போகாவிட்டால் கொஞ்சம் வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். எதற்கான பரிசோதனை என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டு அழுது தீர்த்தேன். இவர் அன்று மாலை ஒரு பேன்ட்டுக்கு இரண்டு இடது கால் வைத்துத் தைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே புகையிலையை விடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். போகாமல் டிமிக்கி கொடுத்துவிடுவார் என்று நானும் கூடவே போனேன். கூடத்தில் பஸ் டிரைவர் ஒருவர், பேங்க் வாட்ச்மேன் ஒருவர், இன்னும் பத்துப் பேர் முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் என் அண்ணன். அவரும் இவரைப்போலப் பழைய புகையிலை ஆசாமிதான். அவருக்கும் புத்தி வந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்தை நடத்துகிற நர்ஸம்மா எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பலகையில் எழுதினார். ஆசை வந்தால் ஜோடிக்குப் போன் போட வேண்டும். ஜோடி கட்டாயம் எடுக்க வேண்டும். ஆசை அடங்குகிறவரை வைக்கக் கூடாது; பத்து நிமிஷத்துக்கு மேல் எந்த ஆசையும் தாக்குப்பிடிக்காதாம். இவர் பெயருக்கு எதிரே என் அண்ணன் பெயர் இருந்தது. ஆளை மாற்றித் தரச் சொல்லி இவர் எழுந்து நின்றார்.

"இது கல்யாணமா என்ன? அறுபது நாள்தான். பொறுத்துக்குங்க" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. அண்ணன். இவர் எடுத்துக் காதில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று நான் பட்டனைப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். அங்கே கத்தரி ஓடுகிற சத்தம், இங்கே மிஷின் ஓடுகிற சத்தம். பத்து நிமிஷம் கழித்து அதுவாகவே கட் ஆனது.

இப்படி ஒரு நாளைக்கு எட்டு முறை. எட்டும் அண்ணன் போடுவதுதான். இவர் ஒரு முறைகூடப் போடவில்லை. அதில் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாவம், உங்கண்ணனுக்குத்தான் அடக்க முடியவில்லை, நான் துணைக்கு இல்லையென்றால் ஆள் காலி என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தக் கெத்துக்காகவே பொட்டலத்தைத் தொடாமல் இருந்தார்.

பேசியே ஆக வேண்டியது ஏதாவது வந்தால், போனுக்கு முன்னாலேயே நான் தூது. "உங்கண்ணன்கிட்ட சொல்லு, கிராம்பை வாயில போட்டா அடங்குதுன்னு" என்பார். போன் அவர் மூக்கருகே கிடக்கும். "உன் புருஷன்கிட்ட சொல்லிடு, அது எனக்கே தெரியும்னு" என்று போன் சொல்லும். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் தைத்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

ஐந்தாவது ஞாயிறு நர்ஸம்மா கணக்கெடுத்தார். டிரைவர் இரண்டு முறை வழுக்கியிருந்தார், வாட்ச்மேன் தினமும் வழுக்கியிருந்தார். சறுக்கல் இல்லாத ஜோடி இவர்கள்தான். அப்படி என்னதான் பேசிக்கொள்கிறீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். இவர் தரையைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். பாவம், வார்த்தை வராத அளவுக்குப் பாசம் என்று டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, கூடமே கை தட்டியது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

ஐம்பதாவது நாள் காலையில் யூனிஃபார்ம் வாங்க வந்த ஒருத்தர், இவருக்கு என்ன பிரச்சினை என்று தெரியாமல், தன் சித்தப்பாவுக்குக் கன்னத்தையே எடுத்துவிட்ட கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார். இவர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. பதினோரு மணி போன் அடித்தது. வழக்கப்படி எடுத்து மேஜைமேல் வைத்தார் போலிருக்கிறது. அடுத்து எனக்குக் கேட்டது போனிலிருந்து அண்ணன் குரல்.

"மாப்பிள்ளை, என்ன அது? பாக்கெட்டைக் கிழிக்கிற சத்தம்தானே? கீழ போடு."

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. ஈரக்கையோடு ஓடினேன். இவர் வாயை மூடிக்கொண்டு திருட்டு முழி முழித்தார். கன்னம் உப்பியிருந்தது. போனில் கத்தரி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

சலூன் மூன்று தெரு தள்ளி. அண்ணன் காதில் சீப்பைச் செருகியபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே கழுத்தில் வெள்ளைத் துணியும் பாதி வெட்டிய தலையுமாக ஒரு வாடிக்கையாளர். அண்ணன் இவர் தாடையைப் பிடித்துத் தூக்கி, விரலை விட்டு மொத்தத்தையும் வழித்தெடுத்து வாசலில் எறிந்தார். விரலை வாடிக்கையாளரின் துணியில் துடைத்தார். பிறகு கத்த ஆரம்பித்தார். கத்துகிற வாயைப் பக்கத்தில் பார்த்தேன். பல்லில் ஒரு கறை இல்லை.

"அண்ணா, நீ எப்ப விட்டே?" என்றேன்.

கத்தல் நின்றது.

"ஆறு வருஷமாச்சு" என்றார். "அன்னைக்கு என் வாயிலயும் இருந்துச்சு. துப்பத் திரும்பினேன், கை வழுக்கிடுச்சு. கழுத்துல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னைக்கே விட்டுட்டேன். தப்பு என்னுதுன்னு சொல்லத்தான் வாய் வரல."

இவர் முகம் சிவந்தது. "அப்புறம் எதுக்குடா எனக்கு எட்டுத் தடவ போன்?"

"நீயா போட மாட்டியே மாப்பிள்ளை, ரோஷக்காரனாச்சே. எனக்கு அடக்க முடியலன்னு நினைச்சா எடுப்பே." அண்ணி சொல்லித்தான் திட்டு விஷயம் தெரியும் என்றும், நர்ஸம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஜோடி சேர்ந்ததாகவும் சொன்னார்.

வெட்டுக்குத்து ஆகப்போகிறது என்று மேஜைமேலிருந்த கத்தரியை எடுத்து நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆனால் இவர் மிஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு மச்சான்" என்றார்.

ஐம்பது நாளாக என்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னாரே என்று ஒரு கணம் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் பயம்தான் என்றார். எனக்கும்தான் பயமா இருக்கு, இந்தத் தலையை யாராவது முடிச்சு விடுவீங்களா என்றார் வாடிக்கையாளர். எங்கள் தையல் கத்தரியாலேயே முன்னறையில் உட்காரவைத்து மீதியை வெட்டி அனுப்பினோம்.

அறுபதாவது நாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் உள்ளே வரத் தைரியமில்லாமல் வராந்தாவில் நின்றுவிட்டார். டாக்டர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். திட்டு கரைந்துவிட்டது, வெட்ட வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டு, மறுபடி ஆரம்பித்தால் என் முகத்தில் விழிக்காதே என்றார். அண்ணனிடம் சொல்வதற்காக, பழக்கதோஷத்தில் நான் எழுந்தேன்.

"நீ உக்காரு. நான் சொல்லிக்கிறேன்" என்று இவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். நான் டாக்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.