நான்கு புள்ளி ஏழு ஐந்து

டேரியன் ப்ரூயிட்டிடம் அந்த எண்ணைச் சொன்னது நான்தான். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படுவது. இருபத்திரண்டு வருடமாக ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். அதுவரை அந்த வழக்கத்தை நான் மீறியதில்லை.

மிசிசிப்பியின் தெற்கே, ஹாட்டீஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற சின்னக் கல்லூரி அவனுடையது. எங்கள் அணியில் அந்தப் பக்கம் போகிறவன் நான் ஒருவன்தான். டேரியன் அங்கே லைன்பேக்கர். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று மடக்கிச் சாய்க்கிற இடம் அது. நான்கு வருடத்தில் முந்நூற்று எண்பத்தாறு பேரைச் சாய்த்திருந்தான். இந்த எண்ணிக்கையை முதலில் நானும் நம்பவில்லை. சின்னக் கல்லூரிகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கை தாராளம். மூன்று ஆட்டங்களின் படத்தை வாங்கிவந்து நானே எண்ணினேன். இரண்டு குறைவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வேகமானவன் இல்லை. ஆனால் பந்து போகிற இடத்தில் பந்துக்கு முன்னால் நின்றான். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் எப்படி என்று கேட்டேன்.

"எதிர்ல குனிஞ்சு நிக்கறானே சார், அவன் விரலைப் பாருங்க. ஓடப் போறாங்கன்னா கையை அழுத்தி ஊனுவான், விரல் நுனி வெளுத்துப் போயிரும். பந்தை எறியப் போறாங்கன்னா சும்மா தொட்டுட்டு இருப்பான்."

"எல்லாருமா அப்படிப் பண்றாங்க?"

"பண்ணாதவனும் இருக்கான். அவன் வேற ஏதாவது பண்ணுவான். மனுசன் சும்மா நிக்க முடியாது சார்."

இதை நான் அப்படியே அறிக்கையில் எழுதினேன். மூன்று வருடம் அவனைப் பற்றி எழுதினேன்.

பிப்ரவரியில் தேர்வுக் கூட்டம். ஏப்ரல் கடைசியில் எல்லா அணிகளும் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும், ஏழு சுற்று. அதற்கு முன்னால் யாரை எந்தச் சுற்றில் எடுக்கலாம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து சண்டை போடுவோம். முடிவு சொல்கிறவர் எங்கள் மேலாளர் க்ளே ஹட்சன். எண்களைப் பார்த்துச் சொல்ல மெரிடித் என்ற பெண் இருந்தாள். கெட்டிக்காரி.

அந்த வருடம் லைன்பேக்கர்களில் ப்ரைஸ் கெல்லர் என்று ஒருவன் எல்லார் வாயிலும் இருந்தான். பெரிய பல்கலைக்கழகம். நாற்பது கெஜத்தை நான்கு புள்ளி நான்கு ஆறு விநாடியில் ஓடினான். நின்ற இடத்திலிருந்து நாற்பது அங்குலம் எம்பினான். கடைசி வருடம் முழுக்க அவன் சாய்த்தது முப்பத்தொரு பேரை.

"ஆட்டம் நடக்கற இடத்துக்கே அவன் போறதில்ல க்ளே. பந்து எங்க இருக்குன்னு யாராவது போன் பண்ணித்தான் அவனுக்குச் சொல்லணும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹட்சனும் சிரித்தார். "பந்து எங்க இருக்குன்னு நாங்க கத்துக்குடுத்துக்கறோம். வேகத்தை நீ கத்துக்குடுப்பியா, வெர்ன்? உன் ஆளு எவ்வளவு ஓடுவான்?"

"நாலு எண்பத்தெட்டு."

"அதுக்குள்ள நான் பார்க்கிங்ல போய் வண்டியை எடுத்துட்டு வந்துருவேன்."

"முந்நூத்தி எண்பத்தாறு பேரை மடக்கியிருக்கான்."

"யாரை மடக்கினான்? எதிர்ல ஓடி வந்தவன் பாதிப் பேரு இப்ப டயர் கடையில நட்டு கழட்டிட்டு இருக்கான்."

"எதிர்ல வர்றவனை அவனா தேர்ந்தெடுத்தான்?"

மெரிடித் திரையைத் திருப்பிக் காட்டினாள். சின்னக் கல்லூரியிலிருந்து வந்து, நான்கு எண்பதுக்கு மேல் ஓடிய லைன்பேக்கர்கள் பதினொரு வருடத்தில் நாற்பத்தாறு பேர். மூன்று வருடம் தாக்குப்பிடித்தவர்கள் இரண்டு பேர். "உங்க அறிக்கை ரொம்ப நல்லா இருக்கு வெர்னன். நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள். அதில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு வலித்தது.

நான் விடவில்லை. படத்தைப் போடச் சொன்னேன், நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அரை மணி நேரம் போனது. சாப்பாடு வந்தது. ஹட்சன் சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிப்பா, தொல்லை பண்ணாத. நாலு எழுபத்தஞ்சுக்குள்ள ஓடிக் காட்டட்டும். நாலாவது சுத்துல நானே அவன் பேரைச் சொல்றேன்."

மறுநாள் காரிலிருந்தே டேரியனைக் கூப்பிட்டேன்.

"நாலு எழுபத்தஞ்சு. அதுக்குக் கீழ வந்தா எங்க அணியில உனக்கு இடம் இருக்கு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

"நிஜமாவா சார்?" என்றான்.

"சோதனை நாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"முடிச்சுடறேன் சார்."

மார்ச் கடைசி வாரம் அவன் கல்லூரியில் சோதனை நாள், அணிக்காரர்கள் வந்து ஆட்டக்காரர்களை ஓடவிட்டு அளக்கிற நாள். ஏழு அணிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மைதானத்துக்குள் நுழையும்போதே அவன் அம்மா லொரெட்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். கோழி ஆலையில் வேலை. அன்றைக்கு விடுப்பு எடுத்து, சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"என் பையன் சாப்பிடவே மாட்டேங்கறான் சார். மீன் பொரிச்சு வெச்சா மேல இருக்கற மாவை உரிச்சு எறிஞ்சுட்டு ரெண்டு வாய். அவ்வளவுதான். கேட்டா எடை குறையணுமாம். நீங்கதான் ஏதோ சொன்னீங்களாம்."

"இன்னிக்கு ஒரு நாள்தாம்மா. சாயங்காலம் வயிறு முட்டப் போடுங்க."

டேரியன் பன்னிரண்டு பவுண்டு இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

நாற்பது கெஜ ஓட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. மற்றவர்கள் கோட்டின் முடிவில் கும்பலாக நின்றார்கள். நான் எப்போதும் பத்தடி தள்ளித்தான் நிற்பேன். எழுதி முடிக்கும்வரை அடுத்தவன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முதல் ஓட்டத்துக்கு என் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் நான்கு எழுபத்தொன்பது காட்டியது. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. அவன் கிளம்பினதுமே தெரிந்தது, இது நன்றாக இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க ஓடிவந்தான். நான் அமுக்கினேன். நான்கு எழுபத்தேழு.

மற்றவர்கள் அடுத்த சோதனைக்காக மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் மேல் நம்பிக்கை விட்டுப்போய்த்தான் நகர்கிறார்கள் என்று நினைத்தேன். டேரியன் முட்டியைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினான், பிறகு நேராக என்னிடம் வந்தான்.

"எவ்வளவு சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. அறிக்கையில் நான் என்ன எழுதுகிறேனோ அதைத்தான் ஹட்சன் பார்க்கப் போகிறார்.

"ஏழு ஏழு" என்றேன்.

"இன்னும் ஒரு தடவை ஓடறேன்."

"கால் தளர்ந்திருக்கும்டா."

"ரெண்டு புள்ளிதானே சார். ஓடிடுவேன். நீங்க நில்லுங்க, போதும்."

நான் நின்றேன். வேண்டாம் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். அவன் திரும்ப நடந்துபோய்க் கோட்டில் குனிந்தான். கையை ஊன்றினான். புறப்பட்டு ஐந்தாவது எட்டோ ஆறாவது எட்டோ, பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் விழவில்லை. ஒற்றைக் காலில் இரண்டு தடவை குதித்து நின்று, கோபமாகப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"யாரு என்னை உதைச்சது?"

பின்னால் ஒருவரும் இல்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார் அறுந்தால் யாரோ உதைத்த மாதிரிதான் இருக்கும். எனக்கு அது தெரியும். பிறகுதான் அவன் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துப் பார்த்தான். லொரெட்டா படிக்கட்டிலிருந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் ஓடிவந்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கார்கள் நிறுத்துமிடத்தில் வேறோர் அணிக்காரன் பீட் வந்து என் பக்கத்தில் நின்றான். வருடக்கணக்காகத் தெரிந்தவன்.

"பாவம். ஆனா எதுக்கு அவன் மூணாவது தடவை ஓடினான்? கிறுக்கனா அவன்?"

"கொஞ்சம் குறைக்கணும்னு நினைச்சான்."

"எதைக் குறைக்கறது? ரெண்டாவது ஓட்டம் நாலு எழுபத்துமூணு. எங்க ஆறு பேருக்கும் மூணு, இல்லன்னா நாலு. இந்த ஊர்ல இருந்து ஒருத்தன் அப்படி ஓடினதே பெரிசு. உன் கடிகாரத்துல என்ன?"

நான் கடிகாரத்தைப் பைக்குள் போட்டேன். கடிகாரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. அவன் கோட்டைத் தாண்டின நேரத்தில் என் கண் கோட்டில் இல்லை, அவன் முகத்தில் இருந்தது. கட்டைவிரல் தாமதமாக அமுக்கியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பையன் ஓடி வரும்போது முகத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தேர்வின் மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், நான்காவது சுற்றில் எங்கள் முறை வந்தது. ஹட்சன் கெல்லரின் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். கெல்லரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தியபின் அவர் காபி ஊற்றிக்கொள்ள வந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ப்ரூயிட் ஓடிட்டான் க்ளே. கால் போறதுக்கு முன்னாடியே. ஆறு கடிகாரம் எழுபத்துமூணு, எழுபத்துநாலு. என்னுதுதான் தப்பு. நீ கேட்டதுக்குக் கீழ ஓடிட்டான்."

"நான் கேட்டதா?"

"நாலு எழுபத்தஞ்சு. அதுக்குள்ள ஓடினா நாலாவது சுத்துல எடுக்கறேன்னு பிப்ரவரியில சொன்னியே."

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சொன்னேனா? சொல்லியிருப்பேன். நீ அன்னிக்கு விடவே மாட்டேன்னியே, வாயை மூடவைக்கறதுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்." என் தோளில் கை வைத்தார். "வெர்ன், நல்ல காலோட நாலு அறுபது ஓடியிருந்தாலும் அவனை நான் எடுத்திருக்க மாட்டேன். அந்த மாதிரிக் கல்லூரி. உனக்கே தெரியும்."

மெரிடித் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது சுற்று முடியும்வரை நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். டேரியன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

கெல்லர் மோசமில்லை. மூன்றாவது வருடத்தில் நிரந்தரமாக ஆட ஆரம்பித்தான், இப்போதும் ஆடுகிறான். பந்து எங்கே என்று அவனுக்கு இன்னமும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிகிறது, ஆனால் அந்த வேகத்தில் அவன் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஹட்சன் சொன்னது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் எழுதினது தப்பென்றும் சொல்ல முடியவில்லை. டேரியன் ஆடியிருந்தால்தானே தெரியும்.

அடுத்த அக்டோபரில் அந்தப் பக்கம் வேலை இருந்தபோது அவனைப் பார்க்கப் போனேன். அம்மா வேலை செய்யும் ஆலையிலேயே சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். மதிய இடைவேளையில் வெளியே வந்தான். அந்தப் பன்னிரண்டு பவுண்டும் அதற்கு மேலும் திரும்பி வந்திருந்தன. இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தான். லொரெட்டா வாசல்வரை வந்து என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் கை தாமதித்தது, மற்ற ஆறு பேரின் கணக்கு, எல்லாம். ஹட்சனுக்கு அந்த எண் ஞாபகமே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"தெரியும் சார்" என்றான் டேரியன்.

"என்ன தெரியும்?"

"எழுபத்துமூணுன்னு தெரியும். ரெண்டாவது ஓட்டம் முடிஞ்சு அவங்க நடந்து போறப்ப பேசிக்கிட்டாங்க, காதுல விழுந்துச்சு. அப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்."

"அப்புறம் எதுக்குடா மறுபடி ஓடின?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான், இதுகூடவா தெரியாது என்பது போல. "அவங்க கணக்கு எனக்கு எதுக்கு சார்? எடுக்கறோம்னு சொன்னது உங்க அணி ஒண்ணுதான். உங்க கடிகாரத்துல வரணும்ல."

உள்ளே மணி அடித்தது. அவன் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டடி போனான், நின்றான், திரும்பினான்.

"கால் இப்ப பரவாயில்ல சார். ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கிரவுண்டுல ஓடறேன். நாலு தொண்ணூத்தஞ்சு வருது. இன்னும் குறையும். யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கறீங்களா?"

"சொல்றேன்" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. அன்றைக்கு மதியம் அந்த ஆலை வாசலில் காரைக் கிளப்ப எனக்கு வெகுநேரம் பிடித்தது.