சரிபங்கு

ராணியம்மாள் சின்ன மருமகள் செவ்வந்தியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் பிணத்தைப் பார்க்கக் கூடாதாம். உள்ளே கிடந்தது மூத்த மருமகள் மணிமொழி. விடியற்காலையில் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

வாசலில் ஆண்கள் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சி ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மணிமொழியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி ரிஷிவந்தியத்தைத் தாண்டவில்லை.

"மரம் மட்டும் குறுக்க இல்லன்னா பொழச்சிருப்பாளே!" மணிமொழியின் புருஷன் பச்சமுத்து கதறுவது கொல்லைவரை கேட்டது.

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் சாய்ந்தது முந்தாநாள். நர்சம்மா மணிமொழியின் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே என்று திட்டியது ஆடி மாசம். அப்போது எந்த மரம் குறுக்கே கிடந்தது?

கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்து மையத்தில் தினமும் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். அங்கேயே தின்றுவிட்டு வர வேண்டும். நாலு பேர் பார்க்கப் புள்ளத்தாச்சி தின்றால் கண் பட்டுவிடும் என்று சண்டை போட்டு, வீட்டுக்கு வாங்கிவர வைத்தவள் ராணியம்மாள்தான். வீட்டுக்கு வந்தபின் அது உருண்டையாகவா இருக்கும்? கூழில் கரைந்து ஆளுக்கொரு குவளை ஆகிவிடும். கிழவியிடம் வஞ்சனை கிடையாது. தன் குவளையைக்கூடப் பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றிவிடுவாள். ஒருத்தி தின்ன மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். ஆத்திரம் தீரச் சண்டை போடவும் அந்த வீட்டில் ஒரு கெட்டவள் இல்லை.

படலைத் தள்ளிக்கொண்டு மையத்து டீச்சர் தெரசா வந்தாள். முந்தானையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நீட்டினாள்.

"நேத்து நீ வரல. இந்தா, என் எதிர்லயே துன்னு."

"பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி எப்டிங்க டீச்சர் துன்றது? இன்னா பேசுவாங்க?"

"அவளும் தெனம் இப்டித்தான் ஒண்ணு சொல்லிக்கினு இருந்தா. நானும் போனாப் போவுதுன்னு குடுத்தனுப்பிட்டேன்." டீச்சர் உருண்டையை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "துன்னும்மா."

செவ்வந்தி கடித்தாள். வெல்லமும் மாவும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது வாய் கடிப்பதற்குள் கதவு திறந்தது. பிணத்துக்கு மஞ்சள் பூசிய ஈரக்கையோடு ராணியம்மாள் நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உருண்டையைப் பார்த்தாள். இதோ விழப்போகிறது திட்டு என்று செவ்வந்தி காத்திருந்தாள்.

"பச்சமுத்து நேத்துலேர்ந்து பச்சத்தண்ணிகூட குடிக்கலடி," என்றாள் கிழவி, கெஞ்சுகிற மாதிரி. "பாதிய இப்டி குடு."

மஞ்சள் கை நீண்டது.

செவ்வந்தி மிச்சம் முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது. கண்ணில் நீர் வழிய, மாமியாரைப் பார்த்தபடியே மென்றாள். நீட்டிய கையை ராணியம்மாள் இன்னும் மடக்கவில்லை.