கைக்கு ஒருத்தி

தூரிகை கழுவுவது அவள் வேலை. ஓவியனான புருஷன் வீடு திரும்பியதும் துணிச்சுருளை வாங்கிப் பிரித்து, தூரிகைகளை டர்பன்டைனில் முக்கி, சோப்பு தேய்த்து, ஒவ்வொன்றின் மயிரையும் விரலால் நீவிவிடுவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். புருஷன் வாயைத் திறக்காவிட்டாலும் அன்றைக்கு என்ன வரைந்தான் என்று தூரிகை சொல்லிவிடும். அகலமானதில் சாம்பல் நிறம் இருந்தால் பின்சுவர். ஊசி மாதிரியானதில் கறுப்பு இருந்தால் இமை.

ஆறு வாரமாக பங்களாக்காரியின் உருவப்படம். தனியாக இருக்கும் பணக்காரி, நல்ல சிவப்பு. முதல் வாரம் தூரிகைகளில் வெள்ளையும் ரோஜா நிறமும் வந்தன. பொறுத்துக்கொண்டாள். அப்புறம் உதட்டுச் சாயம் மூன்று நாள் வந்தது. ஓர் உதட்டுக்கு மூன்று நாளா? வீட்டில் இருக்கிற உதட்டை அவன் ஏறிட்டுப் பார்த்தே மாசக்கணக்காகிறது. வயிறு எரிந்தது. அடுப்பும் எரிய வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆறாம் வாரம் அந்தப் பழுப்பு வந்தது. செம்பழுப்பில் ஒரு துளி பச்சை. கல்யாணமான புதிதில் அவளை எதிரே உட்காரவைத்து, அவள் தோல் நிறத்துக்காக ஒரு பகல் முழுக்கத் தேடிப் பிடித்த கலவை. "இது உனக்கு மட்டும்தான். வேற யாருக்கும் தொடமாட்டேன்" என்று சொன்னவன் அவன்.

"அந்தம்மாவுக்கு எதுக்கு இந்த நிறம்?"

"நிழலுக்கு" என்றான், திரும்பாமலே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். தன் நகை இன்னொருத்தி கழுத்தில் கிடப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் அவன் கிளம்பிய அரைமணியில் போய் பங்களா மணியை அடித்தாள். பங்களாக்காரியே திறந்தாள்.

"வாங்க. என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும். அவர் மேல பால்கனியில இருக்கார்."

மாடி அறையில் படம் நின்றது. முகம், கழுத்து, நாற்காலி எல்லாம் பங்களாக்காரியுடையவை. மடியில் கிடந்த கைகள் மட்டும் இவளுடையவை. இடது கட்டைவிரலில் கத்தி வெட்டிய தழும்பு வரை இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. போயும் போயும் இவனையா சந்தேகப்பட்டேன்!

"ஆறு வாரம் உக்காந்தேன். என் கைய ஒரு நாள்கூட பாக்கல" என்றாள் பங்களாக்காரி. அந்தக் குரலில் இருந்த எரிச்சல் காதுக்கு இனித்தது. "அழிங்கன்னேன், மாட்டேன்னுட்டார். பாக்கப் பாக்க எனக்கும் இந்தக் கை பிடிச்சுப்போச்சு. இனி என் படம் எல்லாத்துக்கும் இதுதான். அவரும் இங்கயே தங்கி வரையறேன்னுட்டார். நீங்க தினம் வந்து உக்காந்துட்டுப் போங்க."

ஓவியன் உள்ளே வந்தான். முகத்தில் திடுக்கிடல் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. விரல் இன்னும் சரியா வரல."

பெரிய நாற்காலியின் காலடியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். பங்களாக்காரி மேலே அமர்ந்தாள். கால் தானாக மடங்கி இவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கயே தங்கப் போறீங்களா?"

"அசையாத."

அவள் கையை ஒருமுறை பார்த்தான். பிறகு கண்ணைத் தூக்கி மேலே பங்களாக்காரியின் முகத்தைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றது. கைக்கு ஒரு பார்வை, முகத்துக்கு ஏழு. எட்டாவதோடு அவள் எண்ணுவதை விட்டாள். மடியிலிருந்த விரல்களை மெல்ல மடக்கினாள்.

"விரிச்சு வை" என்றான், அவள் மடியைப் பார்த்தே.

அவள் இன்னும் இறுக்கினாள். தூரிகை அந்தரத்தில் நின்றது. மேலே இருந்த முகத்தைப் பார்க்கக்கூட அவன் தலையைத் தூக்கவில்லை.