முப்பது சிக்கரி

லலிதாம்பாள் மாமி எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் முதலில் அவர்கள் வீட்டுக் காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீவராகத்தில் என் காப்பிப்பொடிக் கடை. கொட்டையை வறுத்து அரைத்துச் சூட்டோடு பொட்டலம் போட்டுக் கொடுப்பேன். என் புருஷன் தாணுலிங்கம் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வறுப்பதும் நான், அரைப்பதும் நான், மில் ரிப்பேர்காரனோடு மல்லுக்கு நிற்பதும் நான். அக்கிரகாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலவை. அதையெல்லாம் அட்டையில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அந்த டப்பாவில் லலிதாம்பாள் மாமி வீட்டு அட்டைக்கு மட்டும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்பக்கத்தில் ‘ப்யூர்’. பின்பக்கத்தில் ‘சிக்கரி முப்பது’.

மாமியின் வீட்டுக்காரர் பட்டாபி மாமா அந்தத் தெருச் சங்கத்தின் செயலாளர். “என் நாக்குல ஒரு துளி சிக்கரி பட்டாலும் கண்டுபிடிச்சுடுவேன்” என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறவர். சிக்கரி போட்டுக் குடிக்கிறவனை ஒரு மாதிரி பார்ப்பார். கொரோனாவுக்குப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மாமி என் கல்லாவின் மேல் குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

“பொன்னம்மை, மேலே ப்யூர்னு எழுதிடு. உள்ளே முப்பது சிக்கரி போட்டுடு. ப்யூர் போட்டா கலர் இல்லை, கெட்டியா இல்லைங்கறார். சிக்கரின்னு சொன்னாலோ தொடமாட்டார். நான் என்னதான் பண்ணட்டும், சொல்லு!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். மறுநாளே மாமா கடைக்கு வந்து, “இதுதான் காப்பி! இதுக்குப் பேர்தான் ப்யூர்!” என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் கொடுத்தது ப்யூருக்கான விலை, அதற்கு ஈடாக எடையைக் கூட்டிப் போட்டுவிடுவேன். அன்றிலிருந்து மாமி கல்லாவில் குனிந்து “வழக்கம்போல” என்பாள். நான் தலையாட்டுவேன். என் புருஷனிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. கடையை அடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வறுத்து வைத்த கொட்டை வாசனை போய்க்கொண்டிருந்தது. என் மகள் நீது கல்லூரி மூடி வீட்டில் இருந்தாள். “அம்மே, கடைக்கு ஆள் வரலேன்னா நம்ம ஆள்கிட்டப் போவோம். அத்ரே உள்ளு” என்று, அவ்வளவுதானே என்பதை அவளுடைய மலையாளத்தில் சொன்னாள். அவள்தான் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வீடு சேர்ந்தது. காலையில் ஆர்டர் வரும், மத்தியானத்துக்குள் அரைத்துவிடுவோம், நீதுவின் ஸ்கூட்டரில் நானே பின்னால் உட்கார்ந்து போய் ஒவ்வொரு கேட்டிலும் துணிப்பையைத் தொங்கவிட்டு மணி அடித்துவிட்டு நகர்ந்து நிற்பேன். பிள்ளைகள் அமெரிக்காவில், வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால், காப்பிப்பொடியோடு மருந்துக்கடைச் சாமானும் வாங்கிக் கொடுத்தோம். டைப் அடிக்கத் தெரியாதவர்கள் பேசியே அனுப்பலாம் என்றும் நீது சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அப்படித்தான் மாமியும் எனக்குத் தனியாகப் பேசி அனுப்பினாள். “பொன்னம்மை, வழக்கம்போல முப்பது சிக்கரி போட்டுடு. மொட்டைமாடிலேர்ந்து பேசறேன், அவர் கீழே இருக்கார். நீ எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரிடீ.” பின்னால் காக்கா கத்துவதுகூடக் கேட்கும். அதை நான் அழிக்கவில்லை. அப்படி ஒருத்தி சொன்னதை யாருக்கு அழிக்க மனசு வரும்?

அந்தக் குழுதான் அப்போது என் கடை. அது இல்லையென்றால் மில்லைப் பூட்டிக் கட்டிடக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஜூலையில் ட்ரிப்பிள் லாக்டவுன். தெருமுனையில் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். வண்டி உள்ளே போகக்கூடாது. மூங்கிலுக்கு இந்தப்பக்கம் ஒரு பெஞ்சில் எல்லாப் பொட்டலத்தையும் வைத்துவிட வேண்டும், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. மாறிப் போகாமல் இருக்க நீது லேபிள் அடித்தாள். வீட்டுப் பெயர், எடை, கலவை. பிறகு எல்லாவற்றையும் பெஞ்சில் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். ‘அவரவர் பொட்டலத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளவும்’.

நல்ல வேலைதான் செய்தாள். ஆனால் அரைக்கும்போது மாமி வீட்டு அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துப் போடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். லேபிளையும் பின்பக்கத்தைப் பார்த்தே அடித்துவிட்டாள். ‘பட்டாபி. அரைக் கிலோ. சிக்கரி 30’. மூளை எங்கே போயிற்று எனக்கு? ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அடித்தது. குழுவில் பட்டாபி மாமா எழுதியிருந்தார். “எங்காத்துப் பொட்டலத்துல சிக்கரி 30ன்னு போட்டிருக்கே, என்ன இது? இத்தனை வருஷமா ப்யூர்னு சொல்லி இதைத்தான் தலையில கட்டினேளா?” அடுத்தது அதே தெரு சேஷன் சார். “வியாதி நேரத்துல கலப்படமா? நம்ம பொட்டலத்துல என்ன இருக்கோ!” அப்புறம் ஒவ்வொருவராக. ஈசல் மாதிரி மொய்த்துவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் பயம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மாமி குழுவில் இருக்கிறாளே! ‘நான் கேட்டுத்தான் போட்டாள்’ என்று ஒரு வரி எழுதினால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். மாமி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரையில் காட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வந்தது.

“நேக்கு ஒண்ணும் தெரியாது. பொன்னம்மையை நம்பித்தான் வாங்கிண்டிருந்தேன். நன்னா ஏமாத்திட்டா.”

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்லுவார்கள். கழுத்து எனக்கு நிஜமாகவே வலித்தது. நான் இரண்டு தடவை படித்தேன், மூன்று தடவை படித்தேன்.

நீது கொதித்துப் போனாள். “அம்மே, அந்த வாய்ஸ் மெசேஜ எடு. ஞான் இப்பவே குரூப்ல இடுகேன். எந்தொரு பொம்பள!”

“வேண்டாம் மக்ளே. மாமா பக்கத்துல இருந்திருப்பாரு. பயந்து எழுதியிருப்பாங்க. நாளைக்கு அவங்களே சொல்லுவாங்க, பாத்துக்கோ.”

“சொல்லல்லேங்கில்?”

“சொல்லுவாங்கன்னு சொன்னேன்லா!” என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மாமி சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. குழுவிலிருந்து ஒவ்வொரு வீடாக விலகியது. பத்து, பதினேழு, இருபத்தாறு. ஒவ்வொரு பெயரும் போகும்போது நீது என்னைப் பார்ப்பாள், நான் மில்லைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொள்வேன். மாமா முதல் நாள் சாயங்காலமே, இனியாவது நல்ல ப்யூர் வேண்டும் என்று என்னிடமே ஆள் விட்டிருந்தார். ஒரு துளி சிக்கரி இல்லாமல் அரைத்து அனுப்பினேன். நான் ஏமாற்றுக்காரி இல்லை என்று அந்தப் பொட்டலமாவது சொல்லட்டும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

நாலாவது நாள் காலையில் மாமி கூப்பிட்டாள். பின்னால் காக்கா சத்தம். மொட்டைமாடிதான். ‘வந்துவிட்டாள் பார், கூடப்பிறந்தவள்’ என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“பொன்னம்மை, ஒரே அவஸ்தைடீ. மூணு நாளா டம்ளரை நகர்த்தி வெச்சுடறார். இதுவும் ப்யூர் இல்லை, இதுலயும் எதையோ கலந்துட்டாள்ங்கறார். நீ பேர் எழுதாம, லேபிள் ஒட்டாம ஒரு பொட்டலம் பழையபடி போட்டுக் குடுத்துடேன்.”

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை.

“மாமி, என் கடை போய்ட்டிருக்கு. இருபத்தாறு வீடு போயாச்சு. குரூப்புல ஒரு வரி எழுதுங்க. எழுதின உடனே போடுகேன்.”

“அது எப்படிடீ முடியும்? தெருவே அவரைப் பார்த்துச் சிரிக்காதா?”

“என்னைப் பாத்துக் காறித் துப்புதாங்களே, அது பரவாயில்லையா?”

“நீ கோவிச்சுக்கப்படாது. நீ என்னைக் காட்டிக் குடுக்கமாட்டேன்னு நேக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் அப்படி எழுதினேன்.”

அந்த வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பயந்துபோய் எழுதவில்லை. பக்கத்தில் மாமா நின்று மிரட்டவும் இல்லை. நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறாள். பத்தொன்பது வருடம் நான் காத்த ரகசியத்தை வைத்தே என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாள்.  

“மாமி, சாலைக் கடைத்தெருவுல வேற கடை திறந்திருக்கு. அங்க போங்க. வட்டம் போட்டு வச்சிருக்கான், அதுக்குள்ள நின்னு கேளுங்க. ஆனா கல்லாவுல குனிஞ்சு காதுல சொல்ல முடியாது, பாத்துக்கோங்க. மாஸ்க்குக்குள்ள இருந்து முப்பது சிக்கரின்னு சத்தமாச் சொல்லணும். மெதுவாச் சொன்னா அவனுக்குக் கேக்காது.”

போனை வைத்தேன். நீதுவைக் கூப்பிடவில்லை. அவள் பழி சுமக்க வேண்டாம். மொட்டைமாடியிலிருந்து அன்றைக்குப் பேசி அனுப்பியதை நானே தேடி எடுத்துக் குழுவில் போட்டேன். ‘கூடப்பொறந்தவ மாதிரிடீ’ என்கிற இடத்தை வெட்டிவிட்டுப் போடத் தெரியவில்லை எனக்கு. அதுவும் சேர்ந்தே போயிற்று.

 பிறகு சேஷன் சார், “மன்னிக்கணும் பொன்னம்மை. எனக்குக் கால் கிலோ” என்று எழுதினார். விலகிப் போனவர்களும் விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள். பட்டாபி மாமா ஒன்றும் எழுதவில்லை. லலிதாம்பாள் மாமி குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

மறுநாள் நான் பெஞ்சில் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தபோது மூங்கிலுக்கு அந்தப்பக்கம் பட்டாபி மாமா வந்து நின்றார். வேட்டி, மாஸ்க், கையில் காலிப் பை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல், பெஞ்சைப் பார்த்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அரைக் கிலோ. முப்பது சிக்கரி!”

யாரும் சிரிக்கவில்லை. பையில் உபரியாக வைத்திருந்த முப்பது சிக்கரிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, கையில் இருந்த லேபிளில் அப்படியே எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் சொல்லிவிட்டார், என் பெயர் மீண்டுவிட்டது, கடையும் பிழைத்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. இன்றுவரை மாமி என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், துரோகம் செய்தது நான்தான் என்பதுபோல.