லைன் சரியில்லை

ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் எனக்குக் குறைகள் நிறைய. சுவரில் ஈரம். ஹீட்டர் போட்டாலும் போகாத குளிர். வெயில் எறித்தாலும் குரைக்கிற, மழை பெய்தாலும் குரைக்கிற பக்கத்து வீட்டு நாய். இணையத்தைப் பற்றி மட்டும் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அப்பாவைப் பார்க்க அது போதுமாக இருந்தது.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஊரில், கோண்டாவிலில் இருந்து தம்பி ஜனார்த்தன் சொன்னபோது என் வயிற்றில் பிள்ளை. பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகவே கூடாது என்று மிட்வைஃப் மறித்துவிட்டாள், பிறகு எங்கே விமானம் ஏறுவது? போக முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்க்கலாம். லாப்டாப்பைத் திறந்தால் அப்பாவின் முகம் வரும். அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கணவர் சிவனேசன் அந்தக் கிழமையே புது ரவுட்டர் ஒன்று வாங்கி வந்தார். "மாமாவை வடிவாப் பாரும்" என்று தானே பூட்டி, தானே பாஸ்வேர்ட் போட்டுத் தந்தார். பென்ரோஸில் ஒரு கம்பனியின் கிடங்கை நடத்துகிற மனிதர். வீட்டில் ஒரு பல்ப் எரியாவிட்டாலும் நான்கு கடைகளில் விசாரித்துத்தான் வாங்குவார். ரவுட்டரும் அப்படி வந்ததுதான். கழுத்தில் கட்டோடு அப்பா கட்டிலில் இருந்து கையைத் தூக்கிக் காட்டியதை அதில்தான் பார்த்தேன். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்கூடத் தெரிந்தது.

அடுத்த கிழமை எல்லாம் நின்றுபோனது. ஸ்கைப்பில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, பிறகு உறைந்தது. குரல் மட்டும் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

"பிள்ளை, லைன் சரியில்லை. வீடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கதை" என்றார் அம்மா.

"அப்பாட்டக் குடுங்கோ."

"அவருக்குத் தொண்டை இன்னும் ஆறேல்ல. கதைக்கக் கூடாதாம். நீ கதை, பக்கத்தில வைக்கிறன். அவர் கேப்பார்."

நான் கதைத்தேன். நான் ஏதாவது கேட்டால் அங்கிருந்து "ம்" என்று வரும். அப்பா எப்போதும் பாதிக் கேள்விகளுக்கு "ம்" என்றுதான் பதில் சொல்வார், அதனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் முகம் பார்க்க வேண்டுமே. நான் சிவனேசனைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் ஒரு கணம் சலித்தாரா? இல்லை. டிவிக்குப் பின்னால் இருந்த ரவுட்டரைத் தூக்கி அலுமாரியின் மேல் வைத்தார். மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை குழம்புமாம், ஞாயிற்றுக்கிழமை அதைப் போட வேண்டாம் என்றார். நான் குளிர்ச்சோறு சாப்பிட்டேன். சானல் மாற்றினார். வயர் மாற்றினார். டார்ச் லைட்டோடு தரையில் படுத்துக்கிடந்து சுவரில் இருந்த டெலிபோன் சொக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்கட ஆக்களின்ர பக்கம்தான் பிழை போல. அங்க கரண்ட் போய்ப் போய் வருமெல்லே" என்றார் தூசி தட்டிக்கொண்டு.

பாவம் மனிதர் என்று நினைத்தேன். ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வங்கியில் என்னோடு வேலை செய்யும் ஷாமினிக்குப் போனில் சொன்னேன். அவள் மலேசியாக்காரி, நேராகப் பேசுகிறவள். "நல்ல ஹஸ்பண்ட்தான், ஆனா நெட் இன்னும் வரலையே? கம்பனிக்கு அடிச்சுக் கேளு வித்தியா" என்றாள்.

அவள் சொன்னதை உடனே செய்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு சந்தோஷம் வந்து அதை மறக்கடித்துவிட்டது. ஸ்கானில் பெண்பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள். சிவனேசன் என் பக்கத்தில் சோபாவில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் இல்லை, குரல் மட்டும்தான்.

"அப்பா, பொம்பிளைப் பிள்ளை. விஷாலினி எண்டு வைக்கட்டே? உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"ம்... ம்" என்று வந்தது.

இரண்டு தரம். எங்கள் அப்பா ஒரு விஷயத்துக்கு இரண்டு தரம் "ம்" சொன்னால் அது பெரிய சம்மதம். நான் விம்மி விம்மி அழுதேன். சிவனேசன் என் கையை இறுக்கிப் பிடித்து, "அழக்கூடாது வித்தியா, பிரஷர்" என்றார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போனது. அவர் வேலையில். இணையக் கம்பனிக்கு அடித்தேன். நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். தங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். வீட்டில் வேறு கருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சிவனேசனின் பழைய டாப்லெட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைச் சார்ஜில் போட்டு ஒரு வீடியோவைத் தட்டினேன். தண்ணீர் போல ஓடியது. என் லாப்டாப்பில் அதே வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. என் போனிலும் அதே கதைதான்.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: ரவுட்டருக்குள் போய் யாரோ உன்னுடைய இரண்டு கருவிகளுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அது தானாக நடக்காது. பாஸ்வேர்ட் தெரிந்தவர்தான் செய்திருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அது சின்னக் கோபம்தான். நான் ஓய்வெடுக்காமல் கண்டதையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று என்னைச் சின்னப்பிள்ளை போலக் கட்டுப்படுத்தியிருக்கிறார், வரட்டும் இன்றைக்கு, நல்ல கிழி கிழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகத் தரையில் படுத்து நாடகமாட வேண்டுமா? அந்தப் பெண் சொன்னபடி ரவுட்டர் புதிதுபோல ஆக, சேஃப்டி பின் ஒன்றை அதன் பின்பக்கத்து ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தேன். விளக்குகள் எல்லாம் அணைந்து திரும்பி வந்தன. அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு லாப்டாப்பைத் திறந்தேன். பறந்தது.

சிவனேசனைத் திட்டுவதற்கு முன் அப்பாவைப் பார்த்துவிட வேண்டும். கோண்டாவிலில் அப்போது காலை நேரம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனாதான் அழைப்பான், நேரம் சொல்லி வைத்து. இன்றைக்கு நானே அழைத்தேன், வீடியோவோடு. அம்மா யோசிக்காமல் தட்டிவிட்டார் போலும். படம் வந்தது.

அம்மாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நெற்றியில் விபூதி மட்டும். பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

அம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போய் மறைத்தது. பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பிள்ளை, லைன் சரியில்லை" என்றார். "ஒண்டும் விளங்கேல்ல. வீடியோவை நிப்பாட்டு."

"அம்மா, எனக்கு நல்ல வடிவாத் தெரியுது" என்றேன். "அப்பா எங்க?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஜனா ஓடி வந்து அவருக்குப் பின்னால் நின்றான். அவனுடைய தலை மொட்டை.

ஆபரேஷன் முடிந்த கிழமையே அப்பா போய்விட்டார். செத்த வீடு, சாம்பல் அள்ளும் காடாத்து, கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் முழுக்க அழுது முடித்துவிட்டது. நான் இங்கே குளிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டு மைக்ரோவேவைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப 'ம்' எண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

ஜனா தலையைக் குனிந்தான்.

"அத்தான்தான் அக்கா அப்பிடிச் செய்யச் சொன்னவர். உனக்கும் பிள்ளைக்கும் ஏதும் நடந்தா எண்டு அம்மாவும் பயந்திட்டா."

இறந்துபோன அப்பாவுக்கு நான் ஆக்லாந்து மழையைப் பற்றிச் சொன்னேன். கழுத்துக் கட்டை அவிழ்த்தார்களா என்று கேட்டேன். கஞ்சி குடியுங்கோ என்று கெஞ்சினேன். அவர்கள் சுற்றி இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. மொட்டையடித்த தம்பியின் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது.

சிவனேசன் வந்தபோது நான் சோபாவில்தான் இருந்தேன். கையில் ரவுட்டர். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பாட்டுப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மாமியின்ர முகத்தைத் தெளிவாப் பாத்தா உமக்கு விளங்கியிருக்கும்" என்றார். "வேற வழி தெரியேல்ல. பிள்ளை பிறக்கட்டும், நானே சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். உமக்காகத்தான் வித்தியா. பிள்ளைக்காகத்தான்."

"பிள்ளையின்ர பேருக்கு ஜனா எப்பிடி ஓம் எண்டவன்? அவன் பயந்தவன். தன்ர பாட்டில அதைச் சொல்லியிருக்க மாட்டான்."

அவர் நெற்றியைத் தடவினார். பொய் சொல்லிக் களைத்துப்போன மனிதர், இந்த ஒன்றையாவது உண்மையாகச் சொல்வோம் என்று நினைத்தாரோ என்னவோ.

"அவன் பேசாமல் இருந்திட்டான். உம்மட முகம் வாடிப்போச்சு. நான்தான் மெசேஜ் போட்டனான், ரெண்டு தரம் சொல்லு எண்டு. மாமா அப்பிடித்தானே சொல்லுறவர். உமக்குச் சந்தோஷமா இருக்கட்டும் எண்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை இவருடைய ஒரு கை என் கையைப் பிடித்திருந்தது. மற்றக் கையால் என் அப்பாவின் சம்மதத்தைத் தட்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா எத்தனை தரம் "ம்" சொல்வார் என்று, இவரிடம் ஆசையாக, சிரித்துக்கொண்டு ஒரு காலத்தில் சொன்னவளும் நான்தான்.

லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். அம்மாவைத் திரும்ப அழைத்தேன்.

"வீடியோவை நிப்பாட்ட வேண்டாம்" என்றேன். "ஆஸ்பத்திரியில இருந்து தொடங்குங்கோ. கடைசி நாள், ஆர் பக்கத்தில இருந்தது, என்ன வேட்டி கட்டினது, ஆர் ஆர் வந்தது, எல்லாம் சொல்லுங்கோ. ஒண்டையும் விடக்கூடாது. நான் இண்டைக்குத்தான் அழ வேணும்."

கதவுக்கு வெளியே சிவனேசன் தட்டிக்கொண்டு நின்றார். "பிரஷர் ஏறும் வித்தியா. கதவைத் திறவும்."

அம்மா சொல்லத் தொடங்கினார்.